பால் காய்ச்சாத வீட்டின் சாவி

சாவிக்கொத்தை முதன்முதலாக இடுப்பில் செருகும் அன்று அது ஆளை ஒரு பக்கமாகச் சாய்க்கும். நடக்க நடக்கச் சிணுங்கும். கொஞ்ச காலத்தில் அந்தச் சிணுங்கல் காதில் விழாமலே போய்விடும். அப்படியொரு நாள் உங்களுக்கு வந்தால், தம்பிகளே, கொத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சற்றுச் சும்மா உட்காருங்கள். நாம் சுமப்பது வெறும் இரும்பு என்று நினைக்கத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

மனை பிரிப்பதையும் வாடகை வசூலிப்பதையும் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். செங்கல்லைத் தட்டிப் பார்த்தே வெந்ததா வேகாததா என்று சொல்லவும் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு மார்கழி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வந்துபோன மார்கழி. அதை உங்களிடம் கொடுக்காமல் இந்த வேலையிலிருந்து இறங்கிப் போக மனசு வரவில்லை.

மலையிலிருந்து மின்சாரம் கம்பி வழியே இறங்கி வந்த காலம் அது. சிங்காநல்லூரில் போன வருஷம் பருத்தி வெடித்துக் கிடந்த காடு, இந்த வருஷம் மில்லாக எழுந்து நிற்கும். காட்டில் பருத்தி எடுத்த கைகளே உள்ளே போய் நூல் சுற்றும். சங்கு ஊதி வெளியே வரும் அத்தனை பேருக்கும் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டுமே. அதற்குத்தான் லைன் வீடுகள். ஒரே நீளச் சுவரில் ஒட்டிப் பிறந்த ஓரறை வீடுகள், ஓடத் தெரியாத ரயில் ஒன்று காட்டுக்குள் நின்றுவிட்டதுபோல.

கிணத்துக்கடவுப் பண்ணாடி ஒருவர் அப்படி ஒரு லைன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். நிலம் வைத்திருக்கும் எசமானைப் பண்ணாடி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்கு நான் மேனேஜர். வண்டித்தடத்துக்கு இந்தப் பக்கம் பழைய லைன். எதிர்ப்பக்கம், தென்னந்தோப்பில் பாதியை விற்று அவர் அந்த வருஷம் கட்டி முடித்த புது லைன். ஓடு வேய்ந்து, சுண்ணாம்பு அடித்து, கதவு மாட்டி, பூட்டிக் கிடந்தது. மார்கழியில் யாரும் குடி புக மாட்டார்கள். தை பிறக்க வேண்டும். பண்ணாடியின் சம்சாரம் வந்து புது அடுப்பில் பால் வைத்துப் பொங்கவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அங்கே மனிதர் படுக்கலாம்.

“மண்ணெ வித்து செங்கல்லு வாங்கறான்” என்று அவருடைய அண்ணன்மார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்து நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரில் அந்தப் பால் பொங்க வேண்டும். அது அவருடைய வைராக்கியம். ஊருக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்தார்.

“தை பொறந்து நான் வார வரைக்கும் ஒரு குருவி உள்ள போகப்படாது. தெரியுதா கண்ணு?”

“தெரியுதுங்க.”

“குருவின்னா குருவியேதான். கூடு கட்டிப்போட்டுதுன்னு எங்கிட்ட கதெ சொல்லப்படாது.”

அவர் போன பிறகு கோயமுத்தூரில் எலி விழத் தொடங்கியது.

அந்தச் சொல்லின் கனம் இன்றைக்கு உங்களுக்குத் தெரியாது. பரணிலிருந்தோ கூரையிலிருந்தோ எலி தானாக வந்து தரையில் விழுந்து செத்துக் கிடந்தால், அந்த வீட்டுக்குள் பிளேக் நுழைந்துவிட்டது என்று பொருள். எலிக்கு அடுத்து மனிதர்கள். உடனே வீட்டைக் காலி செய்து, காட்டில் ஓலைச் சாளை போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். கூரை ஓட்டைப் பிரித்து வீட்டுக்குள் வெயிலை விட வேண்டும். ஊசி போடுகிறவர்கள் எப்போது வந்து சேர்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை நமக்கு மருந்து திறந்த வெளியும் சூரியனும்தான்.

தினமும் காலையில் லைனில் வீடு வீடாக நின்று கேட்பேன். “எலி கிலி உழுந்துதுங்களா?” இல்லீங்க, இல்லீங்க என்று வரிசையாகப் பதில் வரும். கடைசி வீடு பழனாத்தாளுடையது. மில்லில் நூல் சுற்றுகிற விதவை. வாய்க்காரி. அவளுடைய ஒரே மகள் தெய்வானை, வெள்ளகோவிலில் வாக்கப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து நிறைமாதமாக உள்ளே படுத்திருந்தாள்.

“எலியா?” என்றாள் பழனாத்தாள். “எங்கூட்டுல திங்கறதுக்கு என்னங்க கெடக்குது, எலி வந்து சாகறதுக்கு? பொழைக்கத் தெரிஞ்ச எலியெல்லாம் உங்க பண்ணாடி தோட்டத்துல இருக்குமுங்க.”

சிரித்துக்கொண்டே நகர்ந்தேன். அவளுடைய செவலைக் கோழி குறுக்கே ஓடியது. அதற்கு வழிவிட்டுத் திரும்பியபோது, வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில், சாம்பலுக்கு நடுவில் ஒரு முறம் பாதி எரிந்து கிடப்பதைப் பார்த்தேன்.

நல்ல முறம். எரியாத பாதியில் பின்னல் கட்டுக்குலையாமல் இருந்தது. எங்கள் பக்கத்தில் முறம் பழசானால் சாணி பூசி மெழுகுவார்கள். அதற்கும் மேலே போனால் குப்பை அள்ளுவார்கள். நல்ல முறத்தைத் தீயில் வைக்கிற பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

“பழனாக்கா, மொறத்தெ எதுக்குங்க எரிச்சீங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் பார்த்தாள். இத்தனை நாளும் லைன் முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் இறங்கி, மூச்சளவுக்கு ஆகிவிட்டது.

“மெல்லப் பேசுங்க. புள்ள தூங்கறா.”

“எப்பங்க உழுந்துது?”

“இன்னைக்கு வெள்ளெனா, விடியறப்ப. அடுப்படியில. அவ கண்ணுல படறதுக்குள்ள மொறத்துல அள்ளிக் கொண்டுபோயிப் பொதச்சுப்போட்டேனுங்க.” என் அருகில் வந்தாள். “இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கறா. இந்தப் பனியில கொண்டுபோயி காட்டுல போட்டா தாயும் புள்ளையும் தேறுமுங்களா? பெத்து எடுத்தரட்டும். அப்பறம் நானே லைனு முச்சூடும் கத்திச் சொல்றேன். அதுவரைக்கும் வாயெக் கட்டிக்கோங்க சாமி.”

தம்பிகளே, நம் வேலையில் பெரிய தவறுகள் முரட்டு முகத்தோடு வருவதில்லை. இப்படித்தான் வரும். கைகூப்பிக்கொண்டு, ஒரு நிறைசூலிக்காக, கொஞ்ச நேரம் மட்டும் கேட்டுக்கொண்டு. அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. எனக்கும் ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் என் உள்ளங்கை அப்போது அவள் வீட்டுச் சுவரில் இருந்தது. பக்கத்து வீட்டில் அம்மிக்கல் உருளும் அதிர்வு அந்தச் சுவர் வழியாகக் கைக்கு வந்தது. அதற்கடுத்த வீட்டில் யாரோ இருமுவதும் வந்தது.

“செவுரு ஒண்ணுதானுங்களே, அக்கா” என்றேன்.

அவள் என் கை இருந்த சுவரைப் பார்த்தாள். “தெரியுமுங்க” என்றாள் கடைசியில்.

லைனின் நடுவில் போய் நின்று சொன்னேன். எலி விழுந்த வீட்டையும் சொன்னேன். மறைத்துச் சொன்னால் ஒருவரும் நகர மாட்டார்கள். அழுகை, வசவு, பாத்திரம் உருளும் சத்தம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. “தை நோம்பிக்கு வெள்ளையடிச்சுக் குடுங்கன்னா, ஓட்டையே பிரிக்க வந்துட்டாரு மேனேசரு” என்றான் ஒருவன். “ஏம்புள்ள பழனா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?” என்று ஒருத்தி கேட்டாள். எதற்கும் திருப்பிக் கொடுக்கும் பழனாத்தாள் வீட்டுக்குள் போனாள். மகளை எழுப்பிக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தாள். வாசல் தாண்டியதும் தெய்வானை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். வலி எடுத்துவிட்டது.

கிணத்துக்கடவுக்குப் பஸ்ஸில் ஆள் அனுப்பியிருந்தேன். மறுநாளுக்கு முன் பதில் வராது. தரிசுக் காட்டில் இன்னும் ஒரு சாளைகூட எழவில்லை. பனி இறங்கி மண் ஈரமாகக் கிடந்தது. வானம் மூடியிருந்தது. தடத்துக்கு எதிரில் புது லைன், ஈரச் சுண்ணாம்பு வாசத்தோடு, பூட்டுப் போட்டுப் படுத்திருந்தது. என் இடுப்பில் அதன் சாவி.

அங்கே வெளியே நின்று, மாட்டிய கதவுகளுக்குக் கடைசி இழைப்பு போட்டுக்கொண்டிருந்தவர் உக்கடத்து ராவுத்தர் ஒருவர். மரவேலையும் ஓட்டுவேலையும் எங்களுக்கு அவர்தான் எடுத்துச் செய்வார். உளியோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“நின்னு நெனச்சுட்டு இருக்கறதெ உள்ளார போயி நெனைக்கலாமுங்களே, மேனேசர்.”

“குருவி கூடப் போகப்படாதுன்னு பண்ணாடி சொல்லியிருக்காருங்க.”

“புள்ளத்தாச்சி கணக்குல வரலியே” என்றார் ராவுத்தர். முகத்தில் சிரிப்பு இல்லை. “எங்கக்கா பேறு பாக்கறவங்க. ஜட்கா அனுப்பிக் கூட்டியாறட்டுங்களா? நீங்க சொன்னாச் சரி.”

பண்ணாடியின் கோபத்துக்கு நான் பயந்தேன், உண்மைதான். அதைவிடப் பெரிய பயம் வேறு. செத்த எலியை விட்டு இறங்கும் தெள்ளுப்பூச்சி துணிமணியில் ஏறி வரும் என்று சுகாதார ஆபீசர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கதவைத் திறந்து ஒருத்தியைக் காப்பாற்றப் போய், புது லைனுக்குள்ளும் நோயைக் கூட்டிப்போய்விடக் கூடாது. கதவைத் திறப்பது இரக்கம். எதை உள்ளே விடுவதில்லை என்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்வதுதான் நம் வேலை.

“அக்காவெ வரச் சொல்லுங்க. மாத்துச் சேலையும் அவங்க ஊட்டுல இருந்தே கொண்டாரட்டும்” என்றேன். பழனாத்தாளிடம் சொன்னேன்: “பழைய ஊட்டுலேருந்து ஒரு துணி, ஒரு சொம்பு, எதுவும் உள்ள வரப்படாதுங்க.”

அவள் கக்கத்தில் ஒரு மூட்டை இருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்காக, கட்டிக் கட்டி மெலிந்த தன் பழஞ்சேலைகளைக் கிழித்து, ஓரம் தைத்து வைத்திருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூட்டையைத் தடத்து மண்ணில் வைத்தாள்.

கிணற்றடியில் மறைப்புக் கட்டி, வேப்பிலை போட்ட வெந்நீரில் தெய்வானையைக் குளிக்க வைத்தார்கள். ராவுத்தரின் அக்கா வந்து இறங்கினார். பெருத்த உடம்பு, வேகமான கைகள். தன் சேலையை அவளுக்குச் சுற்றிவிட்டார். நான் பூட்டைத் திறந்தேன். புதுக் கதவு முனகியது. தெய்வானை படியேறி, நிலையைத் தாண்டி, திரும்பிப் பார்த்தாள்.

“நீ வல்லியாம்மா?”

பழனாத்தாள் படிக்குக் கீழே நின்றிருந்தாள். நான் தடுக்கவில்லை. அவளும் குளித்திருந்தாள், அவளுக்கும் மாற்றுச் சேலை இருந்தது. அவளாகத்தான் நின்றாள்.

“நீ போ கண்ணு. கோழி மேயப் போயிருக்குது. அதெ அடைச்சுப்போட்டு வாரேன்.”

கதவு சாத்திய பிறகு என் பக்கம் திரும்பினாள். “அள்ளுனது நானுங்க. இந்தக் கையிலதான். நாளு போகட்டும், பாக்கலாம்.” பிறகு மற்றவர்களோடு காட்டுக்கு நடந்தாள். அவர்களும் அவளைத் தள்ளியே வைத்தார்கள். ஓரமாக ஒரு பூவரச மரத்தடியில் தனியாகச் சாளை போட்டுக்கொண்டாள்.

விடிந்தபோது ஆண் குழந்தை பிறந்திருந்தது.

பழைய லைனில் அன்று ராவுத்தரின் ஆட்கள் ஓட்டைப் பிரித்தார்கள். பகலிலும் விளக்கு வைத்துச் சமைத்த அறைகளுக்குள் வெயில் நேராக இறங்கியது. பல வருஷக் கரி பிடித்த சுவர்கள், வெட்டவெளியில் துணி விலகியதுபோல் கூசி நின்றன. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பழனாத்தாள் தடத்தின் அந்த ஓரம் வரை வந்து நின்று கூப்பிட்டாள்.

“ஏனுங்க, ஒருக்காக் காட்டச் சொல்லுங்க.”

ராவுத்தரின் அக்கா குழந்தையை வாசலில் நின்று உயர்த்திக் காட்டினார். பழனாத்தாள் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள்.

“மூக்கு அவங்கப்பனாட்டமே இருக்குது.”

“அங்கிருந்து மூக்குத் தெரியுதுங்களாக்கா?”

“எங்கீங்க தெரியுது? ஆனா அப்படித்தானே சொல்லோணும்.” சிரித்தாள். சிரிப்பு முடியும் இடத்தில் கேட்டாள்: “எனக்கு ஒண்ணுமில்லீங்க. காய்ச்சல் கீச்சல் ஒண்ணுமில்ல. தொட்டுப் பாருங்க வேணும்னா. ஒரே ஒருக்கா எடுத்துக்கட்டுங்களா?”

ஆரோக்கியமாகத்தான் இருந்தாள். வெயிலில் நல்லெண்ணெய் பூசிய கல்போல் நின்றாள். முந்தின நாள் தானாக நின்றவள், இன்று கேட்கிறாள்.

“வேண்டாமுங்கக்கா. நாளு போகட்டும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க.”

தலையை ஆட்டினாள். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். சரியான பதில் என்பதால் அது லேசாகிவிடுவதில்லை.

மதியப் பஸ்ஸில் பண்ணாடி வந்துவிட்டார். தடத்தில் நடந்து வரும்போதே பிரிந்து கிடந்த பழைய கூரையைப் பார்த்தார். பிறகு எதிரில், பால் காய்ச்சாத வீட்டின் ஓட்டிடுக்கில் புகை கசிவதைப் பார்த்தார்.

“ஆரெக் கேட்டுத் தொறந்தே?”

“ஆரையும் கேக்கலீங்க.”

“எங்கண்ணனுக இன்னொரு வருசத்துக்குச் சிரிப்பானுக. தெரியுமா உனக்கு?”

“தெரியுமுங்க.”

“சாவியெக் குடு.”

கொத்தோடு கழற்றிக் கொடுத்தேன். இடுப்பு சட்டென்று இலகுவாகி, நான் மறுபக்கம் சாய்ந்ததுபோல் இருந்தது. அவர் புது வீட்டை நோக்கி நடந்தார். உள்ளே குழந்தை அழுதது. படிக்கு முன்னால் நின்றுவிட்டார். காட்டுப்பக்கம் பார்த்தார். பூவரசடியிலிருந்து பழனாத்தாள் எழுந்து அவரைக் கும்பிட்டாள். அவர் அப்படியே திரும்பிப் பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் கிணத்துக்கடவிலிருந்து வண்டிகளில் தென்னங்கீற்று வந்து இறங்கியது, சாளைகளுக்கு. சாவி வரவில்லை.

சில நாள் கழித்துப் பழனாத்தாளுக்குக் காய்ச்சல் கண்டது. அக்குளில் நெறி கட்டியது. சாளை வாசலில் தள்ளி நின்று தண்ணீர் வைத்துவிட்டு வருவேன். கடைசியாகப் பேசியபோது, “கோழியெப் புடிக்கவே இல்லீங்க” என்றாள். அந்த லைனில் நோய் தொட்டது அவள் ஒருத்தியை மட்டும்தான். பூவரசடியிலேயே அவள் இறந்துபோனதைத் தெய்வானையிடம் சொன்னவர் ராவுத்தரின் அக்கா. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வரும் என்று வாசலில் காத்து நின்றேன். வரவில்லை.

தை பிறந்தது. பண்ணாடி குடும்பத்தோடு வந்தார். அண்ணன்மாரும் வந்தார்கள்.

“என்ன தம்பி, உம்பட புது ஊட்டுல ஆரோ நமக்கு முந்திக் குடி வந்து, புள்ளையும் பெத்துப்போட்டாங்களாமா?” என்றார் மூத்தவர்.

“ஆமாங்கண்ணா” என்றார் பண்ணாடி. “ராசியான ஊடுங்க. நம்ம பழைய ஊட்டுத் தொட்டிக்கட்டுல ஒரு கொழந்தெ பொறந்து எத்தன வருசமாச்சு?”

மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பண்ணாடியின் சம்சாரம் பால் சொம்போடு நேரே தெய்வானை இருந்த வீட்டுக்குள் நுழைந்தார். அவள் பதறி எழப் பார்த்தாள். “உக்காரு அம்மணி” என்று சொல்லிவிட்டு, அவள் ஏற்கெனவே சமைத்துக் கரியேறிய அடுப்பிலேயே பாலை வைத்தார். பொங்கியது.

பண்ணாடி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

“என்னெக் கேட்டிருந்தீனா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், கண்ணு” என்றார். “கேக்காமப் போனியே.”

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மேலிடத்தைக் கேட்டுச் செய்வது நம் வேலையின் ஒழுங்கு. அதை நான் பிறகு ஒருநாளும் மீறவில்லை. ஆனால் ஒரு நல்ல மனிதரைத் தவறான பதில் சொல்ல வைக்கக்கூடிய கேள்வியும் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவரிடம் கொண்டுபோகாமல் நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வைத்துக்கொண்டால், அதன் விலை சாவியாக இருந்தாலும் கொடுத்துவிட வேண்டும்.

வெள்ளகோவிலிலிருந்து தெய்வானையின் புருஷன் வந்தான். கிளம்புகிற அன்று அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, தடத்தைத் தாண்டிப் பழைய லைனுக்குப் போனாள். ஓடில்லாத கடைசி வீட்டுக்குள் செவலைக் கோழி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் யாருக்கும் பிடி கொடுக்காத கோழி. சுவரோரமாக மடக்கி, கை விரித்து, ஒரே எட்டில் பிடித்துவிட்டாள். கூடையைப் போட்டுக் கவிழ்த்தாள். அதன் துடிப்பு அடங்கும் வரை கூடைமேல் கையை வைத்திருந்தாள்.

பிறகு பூவரச மரத்தின் பக்கம் திரும்பி, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

“கோழி அடைச்சாச்சும்மா. நீ வா.”